ஒரே தொகுதி, இரண்டு வாக்கு

மாதவரத்துக்கு வடக்கே, பொன்னேரியில் 1957-இல் ஓட்டுப்போடப் போனவருக்குச் சட்டமன்றத்துக்கென்றே இரண்டு வாக்குச்சீட்டு. ஒவ்வொரு வேட்பாளருக்கும் சின்னம் ஒட்டிய தனிப்பெட்டி. இரண்டு சீட்டையும் ஒரே பெட்டியில் போட்டால் ஒன்றுதான் செல்லும். அந்தத் தொகுதியிலிருந்து இரண்டு பேர் கோட்டைக்குப் போனார்கள்.

இப்படிப்பட்ட இரட்டை உறுப்பினர் தொகுதிகள் அன்றைய சென்னை மாநிலத்தில் 38 இருந்தன. அதனால்தான் 167 தொகுதிக்கு 205 உறுப்பினர்கள். ஆந்திரம் பிரியாத 1952-இல் 66. ஒவ்வொன்றிலும் ஓர் இடம் பட்டியல் சாதியினருக்கோ பழங்குடியினருக்கோ உரியது.

இரட்டை வாக்கு என்ற பேச்சு அதற்கு முன்பே வந்திருந்தது. தலித்துகளின் பிரதிநிதித்துவத்துக்காக அம்பேத்கரோடு வட்டமேசை மாநாட்டுக்குப் போன செங்கல்பட்டு மாவட்டத்துக்காரர் இரட்டைமலை சீனிவாசன். அந்த முயற்சியின் பலனாக 1932 ஆகஸ்டில் பிரிட்டிஷ் அரசு அறிவித்ததும் இரட்டை வாக்குதான். ஆனால் அது வேறு. தங்கள் பிரதிநிதியைத் தாங்களே தேர்ந்தெடுக்கத் தலித்துகளுக்கு ஒரு வாக்கு, பொதுத்தொகுதியில் இன்னொன்று. காந்தியின் உண்ணாவிரதமும் செப்டம்பரில் கையெழுத்தான பூனா ஒப்பந்தமும் அதை இல்லாமலாக்கின. 1950-களில் வந்த இரண்டாம் வாக்கோ எல்லாருக்கும் பொது. ஒதுக்கிய இடத்தில் யார் ஜெயிப்பது என்பதைப் பிற சாதியினரின் வாக்கும் சேர்ந்தே முடிவு செய்தது. அந்த இழப்பைச் சிறிதாகச் சொல்லிவிட முடியாது.

ஆனாலும் இந்த ஏற்பாட்டில் ஒரு கதவு திறந்திருந்தது. எண்ணும்போது ஒதுக்கிய இடத்தை முதலில் நிரப்புவார்கள். மிச்சமிருப்பவர்களில், எந்தச் சாதியானாலும், அதிக வாக்கு பெற்றவருக்குப் பொது இடம். 1957-இல் ஆந்திரத்தின் பார்வதிபுரம் மக்களவைத் தொகுதியில் பழங்குடியினர் இருவரே இரண்டு இடங்களையும் பிடித்தார்கள். தோற்றவர் சாமானியரல்ல: 1937-இல் ராஜாஜி அமைச்சரவையில் இருந்தவர், பின்னாளில் குடியரசுத் தலைவரான வி.வி.கிரி. உச்ச நீதிமன்றம் வரை வழக்கு நடத்தினார். 1959-இல் அங்கும் தோற்றார். ஒதுக்கிய இடத்துக்குப் போட்டியிட்டவர் பொது இடத்தையும் வெல்லலாம் என்பது உறுதியானது.

இரண்டே ஆண்டில், 1961-இல், இரட்டைத் தொகுதிகளை ஒழிக்கும் சட்டம் வந்தது. தொகுதி பெரிது, செலவு அதிகம் என்ற குறைகள் உண்மையே. என்றாலும், பார்வதிபுரத்தை மறந்துவிட்டு இந்தச் சட்டத்தைப் படிக்க முடியாது. ஒவ்வொரு தொகுதியையும் இரண்டாக வெட்டி, ஒரு பாதியைத் தனித்தொகுதி ஆக்கினார்கள். 1962 தேர்தலில் சட்டமன்றத்துக்கு வாக்காளர் கையில் ஒரே சீட்டு.

2008 தொகுதி மறுசீரமைப்பில் பிறந்து 2011-இல் முதல் தேர்தலைக் கண்ட மாதவரம், பொதுத்தொகுதி. அதே தேர்தலில் பொன்னேரி, தனித்தொகுதி.