அடைபட்ட வாசல்

மழைக்காலக் காலைகளில் நெற்றியும் கன்னமும் கனக்க, குனிந்தால் தலை தெறிக்கிறது என்போரைப் புக்கிட் மெர்தாஜாமில் நாம் அடிக்கடி காண்கிறோம். நொச்சி இலை ஆவியும் சுக்குப் பற்றும் நம் பாட்டிமாரின் கைம்மருந்துகள். சித்த மருத்துவம் இதனைப் பீனிசம் என்றது. இன்று சைனஸ் என்கிறோம். இதற்கான அறுவை மருத்துவம் வளர்ந்த வரலாற்றை இப்போது பார்ப்போம்.

மூக்கைச் சுற்றியுள்ள எலும்புகளுக்குள் நான்கு இணைக் காற்றறைகள் உள்ளன. கன்னத்து அறையை 1651-இல் ஆங்கில மருத்துவர் நத்தானியேல் ஹைமோர் விளக்கி எழுதினார். 1893-இல் அமெரிக்காவில் கால்டுவெல்லும், 1897-இல் பிரான்சில் லூக்கும் தனித்தனியே ஓர் அறுவை முறையை வெளியிட்டனர். மேலுதட்டைத் தூக்கி, ஈறுக்கு மேலே எலும்பைத் துளைத்து, நோயுற்ற உட்தோலைச் சுரண்டி எடுத்தார்கள். சளி வடிவதற்கு மூக்கின் கீழ்ப்பகுதியில் புதுத் துளையும் இட்டார்கள். ஆயினும் சிலருக்கு நோய் திரும்பியது. சிலருக்குக் கன்னம் மரத்துப்போயிற்று.

காரணத்தைக் காண, உள்ளே ஒளி வேண்டும். பஞ்சாபில் பிறந்த நரிந்தர் சிங் கபானியும், இங்கிலாந்தின் ஹரோல்டு ஹாப்கின்சும் 1954-இல் கண்ணாடி இழைக்கற்றை வழியே உருவத்தைக் கடத்திக் காட்டினர். பின்னர் ஹாப்கின்ஸ் கண்ணாடித் தண்டுகளைக் கொண்டு அமைத்த மெல்லிய நோக்குக்குழாயை 1960-களில் ஜெர்மனியின் கார்ல் ஸ்டோர்ஸ் உருவாக்கி அளித்தார்.

அக்குழாயால் மூக்கினுள் ஆராய்ந்தவர் ஆஸ்திரியாவின் கிராஸ் நகர மருத்துவர் மெஸ்ஸர்கிளிங்கர். உட்தோலின் நுண்மயிர்கள் படகுத் துடுப்புகள்போல அசைந்து சளியைத் தள்ளுகின்றன. கீழே புதுத் துளை இருந்தாலும், சளி இயற்கை வாசலை நோக்கியே மேலேறிச் செல்கிறது! ஆகவே, நோயின் வேர் பெரும்பாலும் அறையில் இல்லை. அடைபட்ட வாசலில் இருக்கிறது. வாசலைத் திறந்தால் அறை தானே தேறும். அவரது நூல் 1978-இல் வெளிவந்தது. அவருடைய மாணவர் ஸ்டாம்பர்கரும், அமெரிக்காவில் கென்னடியும் 1980-களில் இம்முறையைப் பரப்பினர். முகத்தில் வெட்டோ தழும்போ இல்லை. 2005-இல் சிறு பலூனால் வாசலை விரிக்கும் முறைக்கும் அமெரிக்கா அனுமதி அளித்தது.

எனினும் ஓர் எச்சரிக்கை. 2004-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், காய்ச்சலோ சீழோ இன்றிச் சைனஸ் தலைவலி எனக் கருதப்பட்ட ஏறத்தாழ 3,000 பேரில், 88 விழுக்காட்டினரின் அறிகுறிகள் ஒற்றைத் தலைவலிக்கு உரியவையாக இருந்தன. வாசலே அடைபடாதபோது அதைத் திறப்பதால் பயன் என்ன? எனவே, அடிக்கடி தலைவலி வந்தால் நாமே பெயர் சூட்டிவிடாமல், மருத்துவரிடம் சென்று காரணத்தை அறிவோம்.