இரட்டை ஒளிவட்டமும் ஓர் இரும்பு வளையமும்



கடந்த இலையுதிர் காலத்தில், திருமணப் பதிவுக்காக இளம் இணையர் இருவர் அறைவீட்டுக்கு வந்திருந்தனர். படிவத்தில் கையொப்பமிட அந்தப் பிள்ளை கையை நீட்டியபோது, விரலிலிருந்த மோதிரம் மேசை விளக்கில் மின்னியது. நடுவில் ஒரு வைரம்; அதைச் சுற்றிப் பொடிக்கற்களால் ஒரு வட்டம்; அந்த வட்டத்தையும் சுற்றி இன்னொரு வட்டம். “இது என்ன வேலைப்பாடு, பிள்ளை?” என்று கேட்டேன். “டபிள் ஹேலோ, ஃபாதர்” என்றார். இரட்டை ஒளிவட்டம்! புனிதர்களின் தலையைச் சுற்றி நாம் காணும் அதே ஒளிவட்டம்தான் பெயராகி விரலுக்கு இறங்கி வந்திருக்கிறது.

தொலைபேசி அழைப்பொன்றுக்காக அவர் வெளியே சென்ற வேளையில், மணமகன் தாழ்ந்த குரலில் சொன்னார்: “ஃபாதர், கலியாணத்தை இன்னும் ஒரு வருசம் தள்ளி வைக்கலாமோ? மோதிரக் கடன் இன்னும் முடியேல்லை. அவவுக்குத் தெரியாது.”

பின்னர் அவரே அதை அவரிடம் சொல்லிவிட்டார். இருவரின் அனுமதியோடும்தான் இதை எழுதுகின்றேன். இந்தச் சிறு வளையம் கடந்து வந்த பாதையை நாம் அறிந்திருந்தால், அந்த இளைஞன் அவ்வளவு தாழ்ந்த குரலில் பேச நேர்ந்திராது என்று எனக்குத் தோன்றியது.

உரோமையரிடமிருந்து தொடங்குவோம். முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த அறிஞர் பிளினி, தம் காலத்திலும் மணம் பேசிய பெண்ணுக்கு இரும்பு மோதிரமே அனுப்பப்பட்டது என்றும், அதில் கல் எதுவும் பதிக்கப்படவில்லை என்றும் குறித்துள்ளார். அது அணிகலன் அன்று, அச்சாரம். நிலம் வாங்குபவர் முன்பணம் கொடுத்து வாக்கை உறுதிப்படுத்துவதுபோல, மணமகன் வீட்டார் வளையத்தை அனுப்பி வாக்கை உறுதிப்படுத்தினர். இத்தகைய முன்பணத்தைக் கிரேக்கர் ‘அர்ரபோன்’ என்றனர். தூய ஆவியாரைப் பற்றி எபேசியருக்கு எழுதும்போது புனித பவுல் கையாண்ட சொல்லும் இதுவே. இன்றைய கிரேக்க மொழியில் திருமண நிச்சயத்தைக் குறிக்கும் சொல்லும் இதிலிருந்தே வந்தது. கி.பி. 200-ஐ ஒட்டி எழுதிய தெர்த்துல்லியன், முற்காலப் பெண்கள் மணமகன் வாக்குறுதியாய் மோதிரமிட்ட அந்த ஒரு விரலைத் தவிர வேறெங்கும் பொன்னை அறியாதிருந்தனர் என்று ஏக்கத்தோடு நினைவுகூர்கின்றார். ஆடம்பரம் பெருகிவிட்டது என்ற முறைப்பாடு அன்றே தொடங்கிவிட்டது!

அடுத்து 866ஆம் ஆண்டு. அப்போதுதான் திருமறையைத் தழுவியிருந்த பல்கேரிய மக்களின் மன்னர் போரிஸ், பல கேள்விகளைத் திருத்தந்தை முதலாம் நிக்கலசுக்கு அனுப்பினார். திருமணச் சடங்குகளும் அவற்றுள் ஒன்று. திருத்தந்தை தம் மறுமொழியில் மேற்கத்திய வழக்கத்தை விவரிக்கின்றார்: மணமகன் நம்பிக்கையின் அடையாளமாக மணமகளின் விரலில் மோதிரம் அணிவிப்பார், பின்னர் சீதனம், ஆசீர், முடி ஆகியவை வரும். ஆனால் அவர் அத்தோடு நிறுத்தவில்லை. இவற்றுள் எது விடுபட்டாலும் பாவமில்லை என்கின்றார். அதற்கு அவர் காட்டும் காரணம் வறுமை. இவற்றை ஆயத்தம் செய்ய வழியற்றவர்கள் உண்டு. ஆகவே மணம் முடிக்கும் இருவரின் சம்மதம் ஒன்றே போதும். அந்தச் சம்மதம் இல்லையேல் மற்றவை யாவும் வீண் என்கின்றார். ஏறத்தாழ 1,160 ஆண்டுகளுக்கு முன், ஒரு திருத்தந்தை ஏழை மணமகனை மனத்தில் வைத்து எழுதியது இது. இன்றைய திருச்சபைச் சட்டத்தின் 1057ஆம் இலக்கமும் சம்மதமே திருமணத்தை உருவாக்குகின்றது என்றே கூறுகின்றது.

அப்படியானால் வைரம் எங்கிருந்து வந்தது? 1477இல் ஆஸ்திரிய இளவரசர் மக்சிமிலியன், பர்கண்டி நாட்டு மேரிக்கு வைர மோதிரம் அளித்தமை பெரிதும் எடுத்துக்காட்டப்படும் முன்னுதாரணம். அக்காலத்தில் ஐரோப்பாவை அடைந்த வைரங்கள் பெரும்பாலும் இந்திய மண்ணிலிருந்தே சென்றன. அது அரச குலத்தின் வழக்கம். உழவனுக்கும் தச்சனுக்கும் அதில் பங்கில்லை. 18ஆம் நூற்றாண்டில் பிரேசிலிலும், 1860களில் தென்னாபிரிக்காவிலும் வைரம் கண்டெடுக்கப்பட்ட பின்னரே நிலைமை மாறியது. 1888இல் டி பியர்ஸ் நிறுவனம் உருவாகி வைர வணிகத்தைத் தன் கைக்குள் கொண்டுவந்தது. 1938இல் அது அமெரிக்க விளம்பர நிறுவனமொன்றை நாடியது. 1947இல் அந்த நிறுவனத்தில் பணியாற்றிய பிரான்சஸ் கெரெட்டி என்ற பெண்மணி, வைரம் என்றென்றைக்கும் உரியது என்னும் பொருளுடைய புகழ்பெற்ற விளம்பர வாசகத்தை எழுதினார். 1980களில் இரண்டு மாதச் சம்பளத்தை மோதிரத்துக்குச் செலவிடுவதே முறை என விளம்பரங்கள் கற்பித்தன. நம் இளைஞர்கள் பலர் பழைய மரபு என்று எண்ணும் அந்தக் கணக்கு, அவர்களுடைய பெற்றோரின் இளமைக் காலத்தில் பிறந்தது!

இனி ஒளிவட்டத்துக்கு வருவோம். நடுக்கல்லைச் சிறு கற்களால் சூழும் வேலைப்பாடு 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்திலேயே உண்டு. 1840இல் திருமணத்துக்கு முந்திய நாள், இளவரசர் அல்பேர்ட் விக்ரோறியா அரசியாருக்கு நீலக்கல்லைச் சுற்றி வைரங்கள் பதித்த மார்பணியொன்றை அளித்தார். 1981இல் டயானா அணிந்த நிச்சய மோதிரத்தில், இலங்கையின் நீலக்கல்லை 14 வைரங்கள் சூழ்ந்திருந்தன. நாம் விட்டுவந்த தீவின் மண்ணில் விளைந்த அந்தக் கல், 2010இல் அவருடைய மூத்த மருமகளின் விரலை அடைந்தது. நம் அம்மம்மாமாரின் ஏழுகல் வைரத் தோடும் இதே அமைப்புத்தான்: நடுவில் ஒன்று, சுற்றிலும் ஆறு.

இந்த வேலைப்பாட்டுக்கு ஒரு சிக்கன நியாயமும் உண்டு. ஒரு காரட் என்பது 0.2 கிராம். ஒரு காரட் கல்லொன்றின் விலை, அரைக் காரட் கற்கள் இரண்டின் விலையைவிடக் கூடியது. ஆகவே சிறிய நடுக்கல்லைச் சுற்றிப் பொடிக்கற்களை அடுக்கினால், குறைந்த செலவில் பெரிய தோற்றம் கிட்டும். இரண்டாவது வட்டம் அத்தோற்றத்தை இன்னும் விரிக்கின்றது. குஜராத்தின் சூரத் நகரில் எண்ணற்ற தொழிலாளர் குனிந்திருந்து பட்டை தீட்டும் கற்களே இதை இயலச் செய்கின்றன. எளியவருக்கு உதவ வந்த அந்த வழியே, இன்று நம் இளைஞருள் சிலரை வட்டத்துக்கு மேல் வட்டமாகக் கடனுக்குள் இழுத்துச் செல்வதுதான் வருத்தம்.

மேற்கத்திய மோதிரத்தை மட்டும் குறை கூறுவது நேர்மையாகாது. நம்மவரும் தாலியைச் சம்மதத்தின் அடையாளமாகவே கண்டனர். ஆனால் “கொடி எத்தனை பவுண்?” என்ற கேள்வி நம் மண்டபங்களில் இன்றும் ஒலிக்கின்றது. பெண்ணைப் பெற்ற எத்தனை தந்தையர் சீதனத்துக்காகத் தாழ்ந்த குரலில் பேசினர் என்பதை, என் தலைமுறையினர் அறிவர். அன்று தந்தை, இன்று மணமகன். குரல் ஒன்றே.

திருச்சபைக் கலையில் ஒளிவட்டம் எதற்காக? உரோமைப் பேரரசில் அது கதிரவன் தேவனுக்கும் பேரரசருக்கும் உரியதாயிருந்தது. 4ஆம் நூற்றாண்டிலிருந்து கிறிஸ்துவின் உருவங்களிலும், பின்னர் வானதூதர், புனிதர் ஆகியோரின் உருவங்களிலும் இடம்பெற்றது. ஒருவரைப் பெரிதாகக் காட்டுவதற்கன்று, அவர்மீது விழும் இறை ஒளியைக் காட்டுவதற்கே அது வரையப்பட்டது. உரோமையின் சாந்தா பிரசேதே ஆலயத்தில், 9ஆம் நூற்றாண்டுத் திருத்தந்தை முதலாம் பாஸ்கால் சதுர ஒளிக்கட்டத்தோடு காட்சியளிக்கின்றார். உயிரோடிருப்பவருக்குச் சதுரம், ஓட்டத்தை முடித்தவருக்கே வட்டம். மணவாழ்வுக்கும் இது பொருந்தும் என நினைக்கின்றேன். நாற்பது ஆண்டுகள் ஒருவரையொருவர் சுமந்த தம்பதியரைச் சூழும் ஒளியை, நிச்சய நாளிலேயே கடைக்குச் சென்று வாங்க இயலாது.

வசதியுள்ளோர் இரட்டை ஒளிவட்டம் அணிவதில் குற்றமில்லை. அழகும் இறைவனின் கொடையே. ஆனால் பெற்றோரே, மோதிரத்தின் விலையை மருமகனிடம் கேளாதீர்கள். இளையோரே, கடனை மறைத்து வாக்குறுதி கொடாதீர்கள். அந்த மறைவு மோதிரத்தைவிட விலையுயர்ந்தது.

அந்த இணையர் திருமணத்தைத் தள்ளிவைக்கவில்லை. உண்மையை அறிந்ததும் அந்தப் பிள்ளை சொன்னது இதுதான்: “முதலே சொல்லியிருக்கலாமே. ரெண்டு பேருமாக் கட்டுவம்.” நிக்கலஸ் திருத்தந்தை எழுதிய சம்மதம், அறைவீட்டு மேசையருகே அன்றே தொடங்கிவிட்டது.

மோதிரம் இன்னும் வாங்கவில்லையே என்று தயங்கி நிற்கும் இளையோர் இப்பங்கில் இருப்பின், நீங்கள் இருவரும் வாருங்கள், அது போதும்.

இறையாசீர் உங்கள் இல்லங்களில் நிறைவதாக.
உங்கள் பங்குத்தந்தை