71 விழுக்காடு: கழுத்துத் தமனி அனியூரிச அறுவையில் ஒரு பழைய அட்டவணையின் அதிகாரம்

கபாலத்துக்கு வெளியே, கழுத்துப் பகுதியில் கரோட்டிட் தமனியில் தோன்றும் அனியூரிசம் (தமனிச் சுவர் பைபோலப் புடைத்தல்) பற்றி எழுதுவோர் பலரும் முதல் பத்தியிலேயே ஓர் எண்ணை முன்வைத்துவிடுகிறார்கள். சிகிச்சையின்றி விட்டவர்களில் 71 விழுக்காட்டினர் இறந்தனர். தமனியைக் கட்டி அடைத்தவர்களில் இறந்தோர் 30 விழுக்காடு. வின்ஸ்லோ 1926இல் வெளியிட்ட தொகுப்பிலிருந்து எடுத்த கணக்கு இது. அடுத்த வரி பெரும்பாலும் "ஆகவே" என்று தொடங்கும்: ஆகவே கண்டறியப்பட்ட அனியூரிசம் எதுவானாலும் அறுவையே தகுந்தது. அந்த "ஆகவே"க்கு அட்டவணையில் இடமில்லை என்பதே என் வாதம். அறுவைக்கு எதிராக வழக்காடுவது என் நோக்கமன்று. தவறான சாட்சியை வைத்து நல்ல வழக்கையும் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்கிறேன், அவ்வளவுதான்.

வின்ஸ்லோ செய்தது தொகுப்பு வேலை. உட்கழுத்துத் தமனி அனியூரிசம் என்று அதுவரை அச்சில் வந்த நோயாளி விவரங்களைத் தேடித் திரட்டி வகைப்படுத்தினார். அதில் சிகிச்சையற்றோர் 35 பேர்; கட்டுப்போடப்பட்டோர் 82 பேர். விழுக்காட்டை ஒதுக்கிவிட்டு ஆட்களை எண்ணிப் பார்க்கலாம். 35இல் 71 விழுக்காடு என்றால் 25 பேர். 82இல் 30 விழுக்காடும் ஏறத்தாழ 25 பேர்தான். இரு பக்கமும் செத்தவர்கள் ஒரே எண்ணிக்கை. மாறுவது பிழைத்தவர்களின் எண்ணிக்கை மட்டுமே. அங்கே 10 பேர், இங்கே 57 பேர். இந்த வேறுபாடு தற்செயலானது என்று நான் சொல்லவில்லை. எந்தப் புள்ளியியல் சோதனை வைத்தாலும் அது தேறும். பிழைத்தவர்கள் ஒரு பக்கம் குவிந்ததற்குக் காரணம் கத்தியா, அல்லது ஆட்கள் பத்திகளில் வந்து சேர்ந்த விதமா என்பதே கேள்வி.

முதலில், இந்த 71க்குக் காலம் கிடையாது. எத்தனை மாதத்தில் 71? ஓராண்டிலா, பத்தாண்டிலா? ஒவ்வொரு நோயாளியையும் ஒவ்வொரு மருத்துவர் தம் வசதிக்கேற்ப ஏதோ ஒரு நாளில் பார்த்து, ஏதோ ஒரு நாளில் எழுதி முடித்தார். கண்டறிந்த நாளிலிருந்து ஒரே சீராகப் பின்தொடராத கூட்டத்தின் இறப்பு விகிதத்தை நோயின் இயல்பான போக்கு என்று எப்படி அழைப்பது?

அடுத்தது, இவர்கள் எப்படிக் கண்டறியப்பட்டார்கள் என்பது. லிஸ்பனில் மோனிஸ் மூளைத் தமனிகளை முதன்முதலாக எக்ஸ்ரே படத்தில் தெரியச்செய்தது 1927இல். வின்ஸ்லோவின் தொகுப்பு அதற்கு முந்திய ஆண்டே வெளிவந்துவிட்டது. அதில் உள்ள ஒருவருக்கும் ஆஞ்சியோகிராம் இல்லை, ஸ்கேன் இல்லை. அந்நாளில் ஓர் அனியூரிசம் மருத்துவர் கண்ணில் பட வேண்டுமானால் கழுத்திலோ தொண்டைக்குள்ளோ கைக்குத் தட்டுப்படும் அளவுக்கு வளர்ந்து துடிக்க வேண்டும், இல்லை வெடித்துக் குருதி கொட்ட வேண்டும், இல்லை பிணப் பரிசோதனையில் அகப்பட வேண்டும். கடைசி இரண்டு வழிகளில் வந்தவர்கள் எந்தப் பத்தியில் விழுவார்கள் என்று சொல்லத் தேவையில்லை. பிணமேசையில் கண்டறியப்பட்ட நோய்க்கு இறப்பு விகிதம் 100 விழுக்காடுதான்.

உயிரோடு வந்தவர்களையே எடுத்துக்கொள்வோம். தொண்டையின் பக்கச்சுவரைத் தள்ளிக்கொண்டு நிற்கும் அனியூரிசத்தை டான்சிலை ஒட்டிய சீழ்க்கட்டி என்று நினைத்துக் கீறிவிடுவது அக்காலத்தில் தெரிந்த விபத்து. பாடநூல்கள் அதை எச்சரிக்கையாகவே சொல்லிவந்தன. அப்படிக் கீறப்பட்டு மேசையிலேயே குருதி கொட்டி இறந்தவர் சிகிச்சையற்றவரா? தமனி கட்டப்படவில்லை என்பதால் அட்டவணைக் கணக்கில் அவர் அங்கேதான் நிற்பார். கொன்றது நோய் அல்ல, கத்தி. அனியூரிசத்துக்கு அந்நாள் வழக்கப்படி பொட்டாசியம் அயோடைடும் படுக்கை ஓய்வும் தரப்பட்டவர்? அவரும் அங்கேதான். அறுவைக்கு நாள் குறித்துக் காத்திருக்கையில் வெடித்து இறந்தவர்? அவரும். கட்டுப்போடும் நாள்வரை உயிரோடிருந்தால்தான் ஒருவர் 82 பேர் பத்திக்குள் நுழைய முடியும். அந்தக் காத்திருப்பைத் தாண்டி வந்ததன் புண்ணியம் முழுவதும் அறுவையின் கணக்கில் வரவு வைக்கப்படுகிறது. தாண்டாமல் போனவரின் இறப்போ எதிர்ப்பக்கத்தில் பற்று.

அச்சுக்கு வந்தவர்களை மட்டுமே இத்தொகுப்பு அறியும் என்பது இன்னொரு சிக்கல். கழுத்தில் ஒரு சிறு துடிப்போடு இருபதாண்டு வாழ்ந்து நிமோனியாவில் போனவரைப் பற்றி எந்த இதழுக்கு எவர் எழுதுவார்? இதை ஒரு சிறு கணக்கால் பார்க்கலாம். 25 இறப்புகளை அப்படியே வைத்துக்கொண்டு, சிகிச்சையற்றோர் பக்கம் பிழைத்தவர்களை மட்டும் கூட்டிக்கொண்டே போனால் எப்போது விகிதம் 30 விழுக்காடாகும்? 48 பேரைச் சேர்த்தால் போதும்: 83இல் 25. அந்தத் தொகுப்பு தன்னுள் அடக்கிய அத்தனை பத்தாண்டுகளிலும், ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சேர்த்து, எழுதப்படாமல் போன 48 பேர். அதற்கும் மேல் இருந்திருப்பார்கள் என்று நிறுவ என்னால் முடியாது. 48 பேர் இல்லை என்று நம்பவும் முடியவில்லை. மறுபக்கமோ நேரெதிர். தம் கையில் செத்த நோயாளியைப் பற்றி எழுதும் துணிவு எல்லா அறுவை மருத்துவருக்கும் வாய்ப்பதில்லை. ஆக 30 என்பது குறைத்துச் சொல்லப்பட்டது, 71 என்பது கூட்டிச் சொல்லப்பட்டது என்று கொள்வதே நியாயம்.

நோயாளித் தேர்வு முடிவை எவ்வளவு மாற்றும் என்பதற்கு இந்த அறுவையின் தொடக்கமே சான்று. லண்டன் கைஸ் மருத்துவமனையில் ஆஸ்ட்லி கூப்பர் 1805 நவம்பரில் 44 வயதுப் பெண் ஒருவருக்குப் பொதுக் கழுத்துத் தமனியைக் கட்டினார். கட்டி அதற்குள் மிகப் பெரிதாகிவிட்டிருந்தது. மூன்று வாரத்தில், அழற்சி கண்ட பை தொண்டையை நெரிக்க, அவர் இறந்தார். 1808 ஜூனில் அதே கை, அதே முறை. இம்முறை கட்டி சிறியது, நோயாளி ஒரு சுமைத் தொழிலாளி. அவர் பிழைத்து வேலைக்குத் திரும்பி 1821 வரை வாழ்ந்தார். முதல் தோல்விக்குக் கட்டியின் அளவைத்தான் கூப்பர் காரணமாகக் கண்டார். அந்த இரண்டாம் நோயாளி இறந்தது மூளைக்குள் குருதி கசிந்து, அதுவும் கட்டுப்போட்ட அதே இடப் பக்கத்தில். பிணப் பரிசோதனை விவரத்தைக் கூப்பர் 1836இல் வெளியிட்டார். இரண்டுக்கும் தொடர்புண்டா என்று இன்று எவரும் அறுதியிட முடியாது. காலம் குறிக்காத எந்த அட்டவணையிலும் அவர் வெற்றியாகவே எண்ணப்படுவார்.

இத்தனையையும் ஒதுக்கிவிட்டாலும் நோய் மாறிவிட்டது. அன்று மேகநோயும் தொற்றும் காயமும் முன்னணிக் காரணங்கள், பென்சிலின் கிடையாது. இன்று கண்டறியப்படுபவை பெரும்பாலும் தமனித் தடிப்பு, சுவர்ப் பிளவு, நார்த்தசைக் கோளாறு, முன்பு அதே தமனியில் செய்த அறுவையின் தையல் தளர்ந்த பொய் அனியூரிசம். அவற்றுள் பல, வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் தற்செயலாகத் தெரிபவை. அறுவையும் மாறிவிட்டது. 1952இல் டிம்ட்சா அனியூரிசத்தை வெட்டியெடுத்து இரு முனைகளையும் இணைத்துக் காட்டியபின், கட்டி அடைப்பது என்பது வேறு வழியற்றபோது மட்டும் செய்வதாயிற்று. ஆகவே 30ஐ இன்று எவரும் தம் அறுவையின் விகிதமாகச் சொல்லிக்கொள்வதில்லை. காலாவதியானது என்று கைவிட்டுவிடுகிறார்கள். அதே அட்டவணையின் அதே காலத்து 71ஐ மட்டும் காலாவதியாகாததாக வைத்துக்கொள்வது எந்த முறையியலில் சேரும் என்று தெரியவில்லை.

அரிய நோய்க்கு இதைவிட்டால் வேறு தரவு ஏது என்பார்கள். தரவு இல்லாமை மோசமான தரவுக்குத் தகுதி வழங்காது. 1980களின் சில தொடர்கள் அறுவையற்றோரிடம் பக்கவாதம் மிகுந்ததைக் காட்டின என்பதும் உண்மை. அவற்றில் அறுவையற்றோர் விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே. மேயோ கிளினிக்கிலிருந்து 2015இல் வந்த தொடர் 132 பேரின் 141 அனியூரிசங்களைப் பற்றியது. அறுவையின்றிக் கண்காணிக்கப்பட்டவர்களில் அனியூரிசத்தால் இறந்தவர் எவருமில்லை. இதை வைத்து நான் துள்ளவும் கூடாது. அங்கே ஆபத்துக் குறைந்தவர்களைத் தேர்ந்தே அறுவையின்றி விட்டார்கள். வின்ஸ்லோவிடம் இருந்த சாய்வின் மறுபுறம் அது. ஆனாலும் 71க்கும் பூச்சியத்துக்கும் இடையிலான தூரத்தைத் தேர்வால் மட்டும் நிரப்பிவிட முடியுமென்றால், 71க்கும் 30க்கும் இடையிலான தூரத்தையும் தேர்வே நிரப்பும் என்று ஒப்புக்கொண்டாக வேண்டும்.

அறுவையின் விலையையும் அருகே வைத்துப் பார்க்க வேண்டும். டெக்சாஸ் இதய நிறுவனம் 1960 முதல் 1995 வரை செய்த 67 அறுவைகளில் இறப்பும் பெரும் பக்கவாதமும் சேர்ந்து 9 விழுக்காடு. தேர்ந்த கைகள் கொண்ட இடத்தின் கணக்கு அது. அனியூரிசம் கபால அடியை நெருங்க நெருங்க வேலை கடினமாகிறது. இருவயிற்றுத் தசையை வெட்டி, சில சமயம் கீழ்த்தாடையை முன்னால் இழுத்துப் பிடித்துத்தான் தமனியின் மேல்முனையை எட்ட முடியும். வழியில் குறுக்கே கிடப்பது பன்னிரண்டாம் கபால நரம்பு; தமனியை ஒட்டியே இறங்குவது பத்தாவது. பன்னிரண்டாவது நசுங்கினால் நீட்டிய நாக்கு அறுவை செய்த பக்கமாகக் கோணும், சோற்றைக் கடைவாய்க்குத் தள்ள முடியாது. பத்தாவது நசுங்கினால் குரல் கம்மும், தண்ணீர் குடித்தால் புரையேறும். பலருக்கு மாதங்களில் சரியாகிறது, சிலருக்கு ஆவதில்லை. அறிகுறி எதுவுமில்லாமல் நடந்து வந்தவருக்கு இது சின்னப் பக்கவிளைவு அல்ல.

பெரிதாகிக்கொண்டு போவது, தொற்றுள்ளது, தையலிடம் விட்டது, கண் இருட்டலோ கை சோர்வோ ஏற்கனவே தந்தது: இவற்றுக்கு அறுவையோ ஸ்டென்ட்டோ வேண்டும் என்பதில் எனக்குத் தயக்கமில்லை, அதற்கு வின்ஸ்லோ தேவையுமில்லை. அறிகுறியற்ற, சிறிய, ஸ்கேனுக்கு ஸ்கேன் அளவு மாறாத மெய் அனியூரிசத்தில்தான் அவர் அழைக்கப்படுகிறார். அங்கேதான் அவருக்குச் சொல்ல ஒன்றுமில்லை. இப்போது பல நாடுகளின் மருத்துவமனைகள் சேர்ந்து இந்நோய்க்குப் பதிவேடுகள் தொடங்கியுள்ளன. அவற்றில் கணக்கு, படத்தில் அனியூரிசம் தெரிந்த நாளில் தொடங்க வேண்டும். அறுவைக்குப் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருந்த வாரங்களும், அவ்வாரங்களில் நேர்ந்த பக்கவாதமும் இறப்பும் அறுவைத் தரப்பின் பெயரிலேயே எழுதப்பட வேண்டும்.