கரூசோவின் குரலும் ஒரு தகரப் புனலும்

ஹாஸ்டல் டே அன்று கூம்பு ஸ்பீக்கரில் வந்த பாட்டுகளை நம் செட்டில் யாரும் மறந்திருக்க மாட்டோம். யார் பாடினாலும் மூக்கால் பாடுகிற மாதிரியே கேட்கும். பாவம், பாடினவன் மேல் தப்பில்லை. கூம்பு தன் வடிவத்துக்கு ஒத்த அதிர்வெண்களைத் தூக்கிவிடும், மற்றதை அமுக்கிவிடும்.

இத்தாலியப் பாடகர் என்ரிகோ கரூசோவுக்கு நேர்ந்ததும் இதுதான். மைக் வைத்து ரிக்கார்டு எடுப்பது 1925-இல்தான் சந்தைக்கு வந்தது. அவரோ 1921-லேயே போய்விட்டார். வாழ்நாள் முழுக்கப் புனலுக்குள் பாடியவர். அரை நூற்றாண்டு காலம் புனலின் குரலைத்தான் உலகம் கரூசோ என்று கேட்டது.

1970-களில் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகப் பேராசிரியர் தாமஸ் ஸ்டாக்ஹாம் இதைக் கையில் எடுத்தார். (நிக்சனின் ஒலிநாடாவில் அழிந்துபோன பதினெட்டரை நிமிடத்தை 1974-இல் ஆராய்ந்த குழுவிலும் இவர் இருந்தார்.) சிக்கல் என்னவென்றால், அந்தப் புனலை அளந்து பார்க்க வழியில்லை. பெருக்கி வந்த விடை மட்டும் கையில் இருக்கிறது. பெருக்கிய இரண்டு எண்களும் தெரியாது.

டி.எஸ்.பி. பேப்பரைக் கண்டு பயப்படும் தம்பி தங்கைகள் இந்த இடத்தைக் கவனிக்கணும். பாட்டைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றின் ஸ்பெக்ட்ரத்துக்கும் லாக் எடுத்தார். பெருக்கல் கூட்டலாகிவிட்டது. குரல் துண்டுக்குத் துண்டு மாறும், புனல் மாறாது. ஆகவே சராசரி எடுத்தால் புனலும் சராசரிக் குரலும் மிஞ்சும். அதே பாட்டை நல்ல மைக்கில் பாடிய பிற்காலப் பாடகர் ஒருவரின் பதிவுக்கும் இப்படியே சராசரி கண்டு, இதிலிருந்து கழித்தார். புனல் தனியே வந்துவிட்டது! அதற்கு நேர்மாறாக ஒரு ஃபில்டர் போட்டால் வேலை முடிந்தது. முறையை விளக்கும் கட்டுரை 1975-இல் வந்தது, ஆர்.சி.ஏ. நிறுவனம் 1976-இல் இசைத்தட்டாகவே வெளியிட்டது.

எனக்கு ஒரு உறுத்தல் மட்டும் உண்டு. இரவல் வாங்கிய சராசரியில் அந்த இரண்டாம் பாடகரின் சாயலும் இருக்குமே, அது கரூசோவின் மேல் ஒட்டிக்கொள்ளாதா? நுணுக்கமான மேடுபள்ளங்களைச் சமன் செய்துவிட்டுப் பருமனான வடிவத்தை மட்டும் எடுத்தால் ஒட்டுவது குறையும், அறவே போகாது. புனல் வாங்கவே வாங்காத மேல் ஸ்தாயி ஒலிகளை எந்த ஃபில்டராலும் கொண்டுவர முடியாது. அங்கே கைவைத்தால் ஊசியின் கரகரப்புத்தான் பெரிதாகும்.

அப்படியும், பழைய பதிவையும் இதையும் ஹெட்போனில் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். நான் கேட்டபோது, முதலாவதில் தகரம் பாடியது. இரண்டாவதில் ஒரு மனுஷன் பாடினார்.