ஓரியின் தெரு எங்கே?

உரோமாபுரியில் நடப்போர்க்கு வரலாற்றைத் தேடும் வேலை இல்லை. கி.பி. 80-இல் திறந்து வைக்கப்பட்ட கொலோசியம் இன்றும் கண்முன் நிற்கிறது. கல்லே கதை சொல்லும். கொல்லிமலையில் நடப்போர்க்கு அந்த வாய்ப்பு இல்லை. காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலேறிய நாம், கோட்டை எங்கே, கொத்தளம் எங்கே எனச் சுற்றுமுற்றும் பார்த்தோம். கண்ணிற் பட்டவை சில்வர் ஓக் மரங்கள், அவற்றைத் தழுவியேறும் மிளகுக் கொடிகள், பலா, மலைவாழை, அன்னாசி!

செம்மேட்டில் குதிரைமீது வில்லேந்திய வல்வில் ஓரியின் சிலை இருக்கிறது. இக்காலத்தார் எழுப்பியது. ஆண்டுதோறும் ஆடி 17, 18 நாட்களில் அரசு அவனுக்கு விழா எடுக்கிறது. அவனுடைய குதிரைக்கும் ஓரி என்றே பெயர் என்பது சிறுபாணாற்றுப்படை தரும் செய்தி.

அவன் எய்த ஓர் அம்பு யானையை வீழ்த்தி, புலியையும் மானையும் பன்றியையும் துளைத்து, புற்றருகே கிடந்த உடும்பிலே போய்த் தைத்தது என்கிறது வன்பரணரின் புறநானூற்றுப் பாட்டு. நடக்கக் கூடியதா என்று கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: அந்த அம்பை எந்தத் தெய்வமும் அவனுக்கு வரமாகத் தரவில்லை. புலவர் மிகைப்படுத்தியது ஒரு மனிதனின் தோள் வலிமையை; புராணிகர் கை வைத்திருந்தால் கதை வேறாகியிருக்கும். தன் பெயரையும் கூறாமல் பாணர்க்கு ஊனும் மதுவும் பொன்னும் மணியும் அந்த வேட்டுவன் வழங்கினான் என்பதே பாட்டின் உயிர். நம் மேடைகளில் அம்பு மட்டும் பறக்கிறது. இந்தக் கூச்சம் மறக்கப்படுகிறது.

கபிலரின் நற்றிணைப் பாட்டொன்றில் ஓரியின் பெருந்தெரு வருகிறது. ஓரியைக் கொன்ற காரி அத்தெருவிலே புகுந்தபோது, ஓரியின் மக்கள் ஒருசேர ஆரவாரித்தனராம். அந்தத் தெரு எது? எங்கே இருந்தது? காட்டுவார் எவருமில்லை. காரியோ முள்ளூர் மலையன். கொன்றவன், கொல்லப்பட்டவன் இருவரும் கடையெழு வள்ளல்கள் வரிசையில் நிற்பவர்கள்! வென்ற மலையைக் காரி வைத்துக்கொண்டானா? இல்லை, சேரனுக்குக் கொடுத்தான் என்கிறது அகநானூறு. காரியின் கோவலூரை அதியமான் தாக்கினான். அதியமானின் தகடூரைப் பெருஞ்சேரல் இரும்பொறை எறிந்தான். வள்ளல் வள்ளலை வீழ்த்த, முடியுடை வேந்தன் வளர்ந்தான். பள்ளிப் புத்தகம் ஏழு வள்ளல்களின் கொடையைச் சொல்கிறது, இந்தக் கணக்கைச் சொல்வதில்லை.

கொல்லிப்பாவையின் கதையும் இப்படியே திரிந்தது. சங்கப் புலவர்க்கு அப்பாவை, தலைவியின் அழகுக்கு உவமை. தெய்வம் எழுதியது, பூதம் அமைத்தது என்று அவர்களும் பாடினர், மறுக்கவில்லை. ஆயினும் அழியாத எழிலே அங்கே பொருள். பிற்காலத்தார் அவளைச் சிரித்தே ஆளைக் கொல்லும் மாயப் பொறியாக்கினர். இங்குள்ள எட்டுக்கை அம்மனே அவள் என்போரும் உளர். உவமையாய் வாழ்ந்த பெண் ஒருத்தி, கைகள் எட்டு முளைத்து அச்சப் பொருளான வரலாறு தனியே எழுதத்தக்கது.

அறப்பளீசுவரர் கோயிலருகே ஆயிரம் படிகளுக்குமேல் இறங்கினால் ஆகாய கங்கை. அய்யாறு அருவியாய் வீழும் இடம். பெயரில்தான் கங்கை, நீர் கொல்லிமலையின் நீர்.

மலைமக்களின் பெயர் மலையாளிகள். கேரளத்தார் அல்லர், மலையை ஆள்வோர் என்ற பொருளில் வழங்கும் பெயர். காஞ்சியிலிருந்து வந்தோம் என்பது அவர்களின் வாய்வழிக் கதை. வளப்பூர் நாடு, அரியூர் நாடு, சேலூர் நாடு, தின்னனூர் நாடு என ஊராட்சிப் பெயர்கள் இன்றும் நாடு என்றே முடிகின்றன. கோட்டையிற் கிடைக்காத பழமை இங்கே ஊராட்சி அலுவலகப் பலகையில் தொங்குகிறது! இம்மக்கள் விளைவித்த சாமை, தினை, கேழ்வரகு வயல்களில் பெரும்பகுதியைச் சவ்வரிசி ஆலைகளுக்குச் செல்லும் மரவள்ளி பிடித்துக்கொண்டது. சாமை போனால், அதன் வகைக்கொரு பெயரும் வயலுக்கொரு பெயரும் உடன் போகும்.

இளைஞர்கள் இம்மலைக்கு வரும்போது, அருவிக்குச் செல்லும் வழியில் ஒரு முதியவளிடமேனும் நின்று, எந்த மேட்டுக்கு என்ன பெயர் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஓரியின் தெரு அப்பெயர்களில் எதிலேனும் ஒளிந்திருக்கலாம்.