வாடகை வீட்டு முதலீடு (சென்னை)

தான் குடியிருப்பதற்கன்றி, மாத வாடகைக்காகவும் பிற்கால விலை உயர்வுக்காகவும் வீடு வாங்குவதோ கட்டுவதோ வாடகை வீட்டு முதலீடு எனப்படும். சென்னையில் இது பெரும்பாலும் தனிமனிதர்களின் முதலீடு. ஓய்வூதியப் பணத்தில் மாடியில் ஒரு போர்ஷன் எழுப்பியவர், வளைகுடாவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ பணம் அனுப்புபவர், ஐ.டி. சம்பளத்தில் இரண்டாவது ஃபிளாட் வாங்கியவர் ஆகியோரே இங்கு வழக்கமான வீட்டுக்காரர்கள். மாதம் பிறந்தால் வாடகை வந்துவிடும் என்ற தெம்பில்தான் இவர்கள் வாங்குகிறார்கள். ஆனால் இந்நகரில் லாபத்தையும் நட்டத்தையும் பெரும்பாலும் நிலத்தின் விலையே முடிவு செய்கிறது. வாடகைக்கு இரண்டாம் இடம்தான்.

வரவும் செலவும்

இந்தியப் பெருநகரங்களில் ஓராண்டு வாடகை, வீட்டு விலையில் ஏறக்குறைய 2 முதல் 4 விழுக்காடு. எடுத்துக்காட்டாக, 80 லட்சம் ரூபாய்க்கு வாங்கிய பழைய ஃபிளாட் மாதம் 20,000 ரூபாய்க்குப் போனால் ஆண்டுக்கு 2.40 லட்சம், அதாவது 3 விழுக்காடு. வாங்கியவர் விற்பனைப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 விழுக்காடும் பதிவுக் கட்டணம் 2 விழுக்காடும் கட்டியிருப்பார். அது மட்டுமே 7.20 லட்சம். முதல் மூன்று ஆண்டு வாடகை பத்திரப் பதிவுக்கே சரியாகிவிடுகிறது. (கட்டுநரிடமிருந்து முதல் விற்பனையில் வாங்கும் புது ஃபிளாட்டுக்கு 2023 டிசம்பர் முதல் தீர்வையில் சலுகை உண்டு.) ஆண்டில் ஒரு மாதம் வீடு காலியாகக் கிடந்து, சொத்துவரி, வெள்ளையடிப்பு, குழாய் பழுது என்று இன்னொரு 20,000 போனால் மிஞ்சுவது 2 லட்சம். போட்ட 87.20 லட்சத்துக்கு இது 2.3 விழுக்காடுகூட இல்லை. வங்கி வைப்புநிதி இதைவிட அதிகம் தரும். வீட்டுக்கடன் வட்டியோ இதைப்போல் மூன்று மடங்குக்கும் மேல். ஆகவே கடன் வாங்கி, வாடகையிலேயே தவணை கட்டிவிடலாம் என்ற திட்டம் இங்கு பலிப்பதில்லை.

நிலப்பங்கு

கட்டடம் ஆண்டுதோறும் தேய்கிறது. விலை ஏறுவது மண்ணுக்கு. அதனால் ஃபிளாட் வாங்குபவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி யு.டி.எஸ். எவ்வளவு என்பது. பத்திரத்தில் அவர் பெயருக்கு எழுதப்படும் பிரிபடாத நிலப்பங்கைத் தரகர்கள் அப்படித்தான் சொல்வார்கள். மயிலாப்பூர், மாம்பலம் போன்ற பகுதிகளின் பழைய மூன்று மாடிக் கட்டடத்தில் இந்தப் பங்கு தாராளமாக இருக்கும். புறநகரின் உயர்ந்த கோபுரக் குடியிருப்பில் மிகச் சுருங்கிவிடும். நீச்சல் குளமும் உடற்பயிற்சிக் கூடமும் வாடகையைச் சற்று உயர்த்தலாம், நிலப்பங்கைக் கூட்டாது. பழைய கட்டடத்தை இடித்துக் கட்டும்போதுதான் இந்த வேறுபாடு காசாகிறது. ஒரே ஒருவர் முரண்டு பிடித்தாலும் அந்த வேலை நின்றுபோன காலம் உண்டு. 2022ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டத்தின்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் இசைந்தால் போதும்.

தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, கட்டட அனுமதி ஆகியவற்றை வழக்கறிஞரிடம் காட்டிச் சரிபார்ப்பது எந்த வீட்டுக்கும் பொது.

அட்வான்சும் லீசும்

சென்னையில் பத்து மாத வாடகையை அட்வான்சாக வாங்குவது நெடுநாள் பழக்கம். இன்றைய சட்டம் மூன்று மாதம் என்கிறது. ஆனால் இருவரும் வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளவும் இடம் விட்டிருப்பதால் பழக்கம் முழுதும் மாறவில்லை. போக்கியம், ஒத்தி எனப்படும் லீஸ் முறையில் மாத வாடகையே கிடையாது. குடியிருப்பவர் சில லட்சங்களை மொத்தமாகக் கொடுத்து, காலி செய்யும்போது வட்டியின்றித் திரும்பப் பெறுவார். கடனை அடைக்க அவசரப்படும் வீட்டுக்காரருக்கு இது கைகொடுக்கும். வாங்கிய தொகையைச் செலவழித்துவிட்டு, திருப்பித் தர அடுத்த லீஸ்காரரைத் தேடி அலைவதும் அடிக்கடி நடப்பதே. வாடகைக்கு எடுத்த வீட்டை உரிமையாளருக்குத் தெரியாமல் லீசுக்கு விட்டு, தொகையோடு தலைமறைவாகும் இடைத்தரகர்களும் உண்டு. வெளிநாட்டிலிருந்து வீட்டை நிர்வகிப்பவர்கள் இதில் எளிதில் ஏமாறுகிறார்கள்.

சட்டம்

1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடியிருப்புக் கட்டடத்தின் மதிப்பில் ஆண்டுக்கு 9 விழுக்காட்டை நியாய வாடகை என்று கணக்கிட்டது. இன்று சந்தையில் அதில் பாதி கிடைப்பதே அரிது என்பதை எண்ணினால் வேடிக்கையாக இருக்கிறது. 2017ஆம் ஆண்டின் புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 அன்று நடைமுறைக்கு வந்து பழையதை நீக்கியது. வாடகையை இப்போது இரு தரப்பும் பேசி முடிவு செய்கிறார்கள். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை வாடகை அதிகார அமைப்பிடம் பதியவும் வேண்டும். பத்திரப் பதிவைத் தவிர்க்க வழக்கமாகப் போடும் 11 மாத ஒப்பந்தத்துக்கும் இது பொருந்தும். பதியாமல் விடுவது வீட்டுக்காரருக்கே வினையாகிறது, தகராறு வரும்போது கையில் செல்லுபடியாகும் ஆவணம் இருக்காது.

வரி

வாடகையில் கட்டிய சொத்துவரியைக் கழித்து, மீதியில் 30 விழுக்காட்டைச் செலவுக்கென்று விலக்கி, எஞ்சியதற்கு வருமான வரி. கடன் வட்டியையும் கழிக்கலாம். அதனால் வரும் நட்டத்தைச் சம்பளத்தோடு நேர்செய்வது பழைய வரி முறையில் ஆண்டுக்கு 2 லட்சம் வரை முடியும், புதிய முறையில் முடியாது. வரிச் சலுகைக்காகவே இரண்டாம் வீடு வாங்கும் வழக்கத்துக்கு இதோடு பெரும்பாலும் காரணம் போய்விட்டது. உரிமையாளர் வெளிநாடுவாழ் இந்தியர் என்றால் குடியிருப்பவர் வரியைப் பிடித்துக்கொண்டுதான் வாடகை தர வேண்டும்.

இடமும் குடித்தனக்காரரும்

2015 வெள்ளத்துக்குப் பின் முடிச்சூரிலும் வேளச்சேரியிலும் வீடு பார்க்க வருபவர், தெருவில் தண்ணீர் நிற்குமா என்று கேட்காமல் அட்வான்ஸ் கொடுப்பதில்லை. ஏரிகள் வறண்ட 2019 கோடை, குழாயில் தண்ணீர் வருமா என்பதை இன்னொரு கேள்வியாக்கியது. 2020இல் அலுவலகங்கள் வீட்டுக்கு மாறியதும், ஐ.டி. ஊழியரையே நம்பியிருந்த பழைய மாமல்லபுரம் சாலையில் டூ-லெட் பலகைகள் பெருகின. ஒரே வகைக் குடித்தனக்காரரை நம்பும் வட்டாரத்தின் பலவீனம் அப்போது வெளிப்பட்டது. பேச்சிலருக்கு இல்லை, சைவம் மட்டும், இன்ன சாதி, இன்ன மதம் என்று தள்ளும் வீட்டுக்காரர்கள் செய்வது அநீதி. கணக்குப்படியும் அது தவறு. வீடு இரண்டு மாதம் கூடுதலாகப் பூட்டிக் கிடந்தால் அவ்வாண்டு வாடகையில் ஆறில் ஒரு பங்கு போயிற்று.

பலரிடம் பணம் திரட்டிக் கட்டடங்களில் முதலிடும் ரெய்ட் (REIT) அறக்கட்டளைகள் இந்தத் தனிமனிதர்களுக்குப் போட்டியாக வரவில்லை. இந்தியாவில் முதல் ரெய்ட் 2019இல் பங்குச்சந்தைக்கு வந்தது. அதுவும் அதன்பின் வந்தவையும் பெரும்பாலும் அலுவலக வளாகங்களிலும் பேரங்காடிகளிலும் பணம் போட்டிருக்கின்றன. 3 விழுக்காடு வாடகைக்காகக் குடியிருப்புகளை வாங்க அவை முன்வரவில்லை.