கப்பல் பெட்டியின் ஒழுங்கு

சாமான் அறைக்கு நீல வண்ணம் பூசி நங்கூரப் படம் மாட்டினால் கப்பல் பாணி வந்துவிடாது. இட நெருக்கடியும் கடலின் ஆட்டமும் சேர்ந்து உருவாக்கிய ஒழுங்கு அது. 1545-இல் இங்கிலாந்தின் தென்கரையருகே மூழ்கி, 1982-இல் மேலே தூக்கப்பட்ட மேரி ரோஸ் போர்க்கப்பலே சாட்சி. அதன் மருத்துவருக்கென்று ஒரு மரப்பெட்டி இருந்தது. களிம்புச் சிமிழில் விரல் பதிந்த தடம்கூட அழியவில்லை. தச்சர்களின் கருவிகளுக்கும் பெட்டிகள் இருந்தன.

மாலுமிகள் அலங்காரத்தையும் விரும்பினார்களே என்று கேட்கலாம். உண்மைதான். 19-ஆம் நூற்றாண்டு மாலுமிப் பெட்டிகளில் கயிற்றைப் பின்னி முடிந்த கைப்பிடிகளைப் பார்த்தால் கண் அகலாது. ஆனால் அந்த முடிச்சுகள்தாம் பாரம் தூக்கும் கைக்குப் பிடிமானம். அடி அகன்று மேலே குறுகும் பக்கப் பலகைகள் பெட்டி கவிழாமல் காத்தன; உள்ளே ஓரத்தில் சில்லறைப் பொருளுக்கென்று மூடியிட்ட சிற்றறை. கப்பல் ஓவியத்தையோ, இடத்தை அடைக்காதபடி மூடியின் உட்புறத்தில் தீட்டினார்கள். அங்கேதான் அவர்கள் ரசனை எனக்குப் பிடிபடுகிறது.

வீடு ஆடுவதில்லையே என்பது அடுத்த மறுப்பு. சலவை இயந்திரம் அதிர்கிறதே! அதற்கு மேலுள்ள அலமாரிப் பலகையின் விளிம்பில், கப்பலில் செய்வதுபோல ஒரு சட்டம் அடித்தால் சோப்புத்தூள் டப்பா நகர்ந்து விழாது.